வான்கோழியா, சம்பளமா? ஸ்க்ரூஜ் கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வாசகர் வட்டத்தில் சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை வாய்விட்டுப் படித்துப் பேசுவது பல வருட வழக்கம். வருகிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள், கடை வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் என எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே இடங்களுக்குத்தான் வந்து நிற்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல், எந்தப் பதிலில் இருக்கிறது என்று எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. நான் இந்தக் கதையைப் படிச்சதே இல்லை. சுருக்கமா என்ன கதை?

லண்டனில் எபனேசர் ஸ்க்ரூஜ் என்று ஒரு வயதான வியாபாரி. கடன் கொடுத்து வாங்குவதும் அவர் தொழிலில் உண்டு. கூட்டாளி ஜேக்கப் மார்லி இறந்து ஏழு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் இருப்பது ஒரே குமாஸ்தா, பாப் கிராட்சிட். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விருந்துக்கு அழைக்க வந்த தங்கை மகன் ஃபிரெட்டை ஸ்க்ரூஜ் விரட்டுகிறார். ஏழைகளுக்கு நிதி கேட்டு வந்த இரண்டு பேரை வெறுங்கையோடு அனுப்புகிறார். மறுநாள் விடுமுறை கேட்ட பாபிடம் எரிந்து விழுகிறார்.

அன்று ராத்திரி மார்லியின் ஆவி சங்கிலி பூட்டிய உடம்போடு வந்து எச்சரிக்கிறது. அடுத்து மூன்று ஆவிகள் வந்து அவருடைய கடந்த காலம், நிகழ்காலம், வரப்போகும் காலம் மூன்றையும் காட்டுகின்றன. பாபின் கால் ஊனமான கடைசி மகன் டைனி டிம் சாகப்போவதையும், தன் சாவுக்கு ஒருவர்கூட அழப்போவதில்லை என்பதையும் ஸ்க்ரூஜ் கண்ணால் பார்க்கிறார். விடிந்தால் வேறு ஆளாக எழுந்திருக்கிறார். புத்தகம் 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. முதலில் அச்சடித்த 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன.

2. டிக்கன்ஸ் ஏன் இதை எழுதினார்? பண்டிகைக்கு விற்கட்டும்னா?

பணம் வேண்டியிருந்தது உண்மை. அதைப் பற்றி 14 இல் சொல்கிறேன். ஆனால் விதை வேறு இடத்தில் விழுந்தது. சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் பிள்ளைகள் படும் பாட்டை விசாரித்த அரசுக் குழுவின் அறிக்கையை 1843 தொடக்கத்தில் படித்தார். மனம் கொதித்து, ஏழையின் பிள்ளைக்காக இங்கிலாந்து மக்களிடம் முறையிடும் ஒரு சிறு வெளியீடு எழுதத் திட்டமிட்டார். பிறகு அதைத் தள்ளிவைத்தார். செப்டம்பரில் லண்டனின் ஃபீல்டு லேனில், கந்தலுடுத்த பிள்ளைகளுக்காகத் தர்மத்துக்கு நடத்தப்பட்ட பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். அக்டோபரில் மான்செஸ்டரில் தொழிலாளர் கல்வி பற்றிப் பேசினார். அந்த மாதமே கதையைத் தொடங்கி, ஏறக்குறைய ஆறு வாரத்தில் முடித்தார்.

அதற்கும் அடியில் சொந்த அனுபவம் இருக்கிறது. 1824 இல் அவருடைய அப்பாவை 40 பவுண்டு சொச்சக் கடனுக்காக மார்ஷல்சி கடனாளிச் சிறையில் அடைத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் சார்லஸ், தேம்ஸ் நதிக்கரையில் எலிகள் ஓடும் கட்டடம் ஒன்றில் பூட்ஸ் பாலிஷ் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டினான். வாரம் ஆறு ஷில்லிங் கூலி. கதையில் வரும் பிள்ளைகளை அவர் வெளியே நின்று பார்த்து எழுதவில்லை.

3. ஸ்க்ரூஜ் அப்படி என்ன தப்பு பண்ணினார்? திருடலை, ஏமாத்தலை, சம்பளத்தை நிறுத்தலையே?

வருடா வருடம் வரும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். கதையைத் தேடிப் பாருங்கள், ஸ்க்ரூஜ் எந்தச் சட்டத்தையும் மீறியதாக ஒரு வரி கிடையாது. பேசிய சம்பளத்தைக் கொடுக்கிறார். சந்தையில் அவர் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது. சிறைகளுக்கும் ஏழைகள் விடுதிகளுக்கும் வரி கட்டுவதாக அவரே சொல்கிறார். ‘இதற்கு மேல் எனக்கென்ன கடமை?’ என்பதுதான் அவர் வாதம். நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்கிற வாதமும் அதுவே.

மார்லியின் சங்கிலியைப் பாருங்கள். பணப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம், இரும்பாலான கனத்த பணப்பை என எல்லாம் அலுவலகச் சாமான்களாகவே இருக்கின்றன. கொலைக் கத்தியோ கள்ளச் சாவியோ அதில் கிடையாது. ‘நீ நல்ல வியாபாரியாகத்தானே இருந்தாய்’ என்று ஸ்க்ரூஜ் ஆறுதல் சொல்ல, மனித குலம்தான் என் வியாபாரமாக இருந்திருக்க வேண்டும் என்று மார்லி அலறுகிறான். சட்டப்படி சரியாக இருந்துகொண்டே ஒருவன் பக்கத்து ஆளை நசுக்க முடியும் என்பதை டிக்கன்ஸ் இந்த இடத்தில்தான் காட்டுகிறார்.

இன்னொரு காட்சி. ஸ்க்ரூஜ் இறந்தபின் ஒரு கடன்காரக் குடும்பம். கணவன் வீட்டுக்கு வந்து, கடன் கொடுத்தவர் போய்விட்டார் என்கிறான். நம் கடன் இனி யார் கைக்குப் போகும் என்று மனைவி கேட்கிறாள். யார் கைக்குப் போனாலும் இவ்வளவு இரக்கமில்லாத ஆளாக இருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு, அன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்தச் சாவைப் பார்த்து மனம் லேசாகும் ஒரே வீடு அது.

4. பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங். அந்தக் காலத்துல அது பெரிய பணம் இல்லையா?

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக பாபின் ஆண்டு வருமானம் 39 பவுண்டு. டிக்கன்ஸின் அப்பா சிறைக்குப் போன கடன் தொகை கிட்டத்தட்ட இதே அளவு. பண்ணைக் கூலிகள் பாபைவிடக் குறைவாகத்தான் சம்பாதித்தார்கள். பரம ஏழை என்று பாபைச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு ஆறு பிள்ளைகள், நாலு அறை வீடு, அலுவலகம் போகச் சட்டைக் காலர். மூத்த மகள் மார்த்தா தொப்பி தைக்கும் கடையில் வேலை பழகுகிறாள். மகன் பீட்டருக்கு வாரம் ஐந்தரை ஷில்லிங்கில் ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறேன் என்று பாப் பெருமையாகச் சொல்ல, வீடே சிரித்துக் கொண்டாடுகிறது. அப்பாவின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது.

கணக்கை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் விடுமுறை கேட்டதும் ஸ்க்ரூஜ் சொல்கிறார்: ‘இதற்காக அரை கிரவுன் பிடித்தால் உனக்கு அநியாயமாகத் தெரியும்.’ அரை கிரவுன் என்றால் இரண்டரை ஷில்லிங். பதினைந்தை ஆறு நாளால் வகுத்தால் சரியாக இரண்டரை. ஒரு நாள் கூலியை மனக்கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார் ஸ்க்ரூஜ். பாபின் உழைப்பு அவருக்கு நாள் கணக்கில் துல்லியமாகத் தெரிகிறது. அந்தக் கூலியில் வீட்டில் என்ன பொங்குகிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஆவி அவரைக் கூட்டிப்போய் அந்த வீட்டுக்குள் நிறுத்துவது அதற்காகத்தான்.

5. சேமிக்கிறது தப்பா? சிக்கனமா இருன்னு சொல்லித்தானே நம்மை வளர்த்தாங்க?

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. கதையிலேயே பெரிய சிக்கனக்காரி பாபின் மனைவி. இரண்டு முறை பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்த கவுனை உடுத்தி, ஆறு பென்ஸ் ரிப்பனை வைத்து அதை எடுப்பாக்கிக்கொள்கிறாள். அவர்கள் வீட்டுக் கண்ணாடிச் சாமான் எல்லாம் சேர்த்து இரண்டு டம்ளர், கைப்பிடி உடைந்த ஒரு கிண்ணம். அவ்வளவுதான். பண்டிகைப் பலகாரத்தை எடுத்துவரும்போது, இத்தனை பேருக்கு இது சின்னதாயிற்றே என்று யாரும் வாய் திறப்பதில்லை. நினைப்பதுகூட இல்லை.

ஸ்க்ரூஜ் தன் செலவை மட்டும் குறைக்கவில்லை, அடுத்தவர் வயிற்றையும் சேர்த்தே குறைக்கிறார். கரிப்பெட்டி அவர் அறைக்குள் இருக்கிறது. குமாஸ்தாவின் கணப்பில் ஒற்றைக் கரித்துண்டு எரிகிறது. இன்னொன்று எடுக்கப் போனால் வேலையைவிட்டுப் போகவேண்டி வரும். பாப் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவர்த்தியில் குளிர்காயப் பார்க்கிறார். அந்தக் கரியில் மிச்சமாகும் காசு ஸ்க்ரூஜுக்கு ஒரு பொருட்டே இல்லை.

‘அவர் பணம் சும்மாவா கிடந்தது, கடனாகத்தானே ஊருக்குள் சுற்றியது’ என்று வங்கியில் இருந்த ஒருவர் ஒரு முறை கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கடன் யாரை எப்படி வைத்திருந்தது என்பதை மூன்றாம் பதிலின் கடைசிக் காட்சி சொல்கிறது.

6. ஏழைக்கு உதவச் சொன்னா, ஜெயில் இல்லையா, ஒர்க்ஹவுஸ் இல்லையான்னு கேட்கிறாரே. ஒர்க்ஹவுஸ்னா என்ன?

1834 இல் பிரிட்டன் தன் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியது. அதுவரை ஏழைக்கு ஊரிலேயே, வீட்டிலேயே ஏதோ உதவி கிடைத்துவந்தது. புதிய சட்டம், வேலை செய்யத் தெம்புள்ளவருக்கு உதவி வேண்டுமானால் ஒர்க்ஹவுஸ் என்ற விடுதிக்குள் வந்துதான் வாங்க வேண்டும் என்றது. வெளியே மிகக் குறைந்த கூலி வாங்குகிறவன் நிலையைவிட உள்ளே இருப்பவன் நிலை மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கஷ்டப்படுத்தினால்தான் சோம்பேறிகள் வரமாட்டார்கள் என்று நம்பினார்கள். உள்ளே போனதும் கணவன், மனைவி, பிள்ளைகளைப் பிரித்துத் தனித்தனியாக வைத்தார்கள்.

நிதி கேட்டு வந்தவர்கள், பலரால் அங்கே போக முடியாது, பலர் போவதற்குப் பதிலாகச் சாகவே விரும்புவார்கள் என்கிறார்கள். அதற்கு ஸ்க்ரூஜ் சொல்லும் பதில்தான் கதையிலேயே கொடுமையான வரி: சாகட்டும், உபரி மக்கள்தொகை குறையட்டும்.

7. ‘உபரி மக்கள்தொகை’ன்னு ஒரு வார்த்தை வருதே. அது டிக்கன்ஸ் கண்டுபிடிச்சதா?

இல்லை, அன்றைய படித்தவர்கள் புழங்கிய வார்த்தை. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் தாமஸ் மால்தஸ் 1798 இல் வெளியிட்ட மக்கள்தொகைக் கட்டுரை, உணவைவிட வேகமாக மக்கள் பெருகுவார்கள், பஞ்சமும் நோயும் அதைச் சரிக்கட்டும் என்றது. 1803 பதிப்பில் ஒரு பகுதி எழுதினார்: பெற்றோரும் சோறு போட முடியாமல், உழைப்பும் தேவைப்படாமல் பிறந்தவனுக்கு இயற்கையின் பந்தியில் இடமில்லை, எழுந்து போ என்று இயற்கையே சொல்கிறது. அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டார். ஆனாலும் யாரும் மறக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு நிகழ்காலத்தின் ஆவியைப் பாருங்கள். மலை மாதிரிக் குவித்த சாப்பாட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கையிலுள்ள பந்தத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டிலும் எதையோ தெளித்துக்கொண்டே போகிறது. ஏழை வீட்டில் ஏன் அதிகம் என்று ஸ்க்ரூஜ் கேட்க, அதற்குத்தான் அதிகம் தேவை என்கிறது. பந்தியில் இலை இல்லை என்றவருக்குக் கதை சொல்லும் மறுமொழியாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

டிம் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் பதறும்போது அதே ஆவி அவர் வார்த்தையையே திருப்பி வீசுகிறது: செத்தால் சாகட்டுமே, உபரி மக்கள்தொகை குறையுமே. ஸ்க்ரூஜ் தலைகுனிகிறார். எண்ணிக்கையாகப் பேசியபோது வராத வெட்கம், ஊன்றுகோல் வைத்த ஒரு பையன் முகம் தெரிந்ததும் வருகிறது. வாய்விட்டுப் படிக்கும்போது இந்த இடத்தில் எங்கள் அறையில் சத்தமே இருக்காது.

8. இதெல்லாம் இங்கிலாந்து விஷயம். நமக்கு என்ன சம்பந்தம்?

நேரான சம்பந்தம் ஒன்று உண்டு. மால்தஸ் 1805 முதல் 1834 இல் இறக்கும்வரை பேராசிரியராக இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில். இந்தியாவை ஆள வந்த அதிகாரிகளைத் தயார் செய்த இடம் அது. ஹெய்லிபரி என்ற ஊரில் இருந்தது.

அந்தக் கல்லூரியில் மால்தஸுக்குப் பிந்தைய காலத்தில் படித்தவர் ரிச்சர்டு டெம்பிள். 1873-74 இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாக இருந்தது. பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். வீண் செலவு செய்தார் என்ற வசைதான் கிடைத்தது. 1877 இல் வைஸ்ராய் லிட்டன் அவரை மதராஸ் மாகாணப் பஞ்சத்துக்கு அனுப்பியபோது முற்றிலும் வேறு ஆளாக வந்தார். நிவாரண வேலையில் கல் உடைப்பவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று நிர்ணயித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதை உண்டு உடலுழைப்பு செய்ய முடியாது என்று எழுத்தில் எதிர்த்தார். சில மாதங்களில் மதராஸ் அரசு அளவைக் கூட்டியது. அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் இறந்தவர்கள் லட்சக்கணக்கில். நம் பக்கத்து ஊர்களில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்வது இதைத்தான்.

ஸ்க்ரூஜ் கருமியாக இருந்து கொடையாளி ஆனார். டெம்பிளை அவர் காலத்து அதிகார உலகம் எதிர்த்திசையில் திருப்பியது.

9. டைனி டிம்முக்கு என்ன நோய்? அப்பா சம்பளம் கூடினா நோய் எப்படி சரியாகும்?

நோயின் பெயரைக் கதை சொல்வதில்லை. சிறுநீரகக் கோளாறு, எலும்பு வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ், காசநோய் என்று மருத்துவர்கள் பல யூகங்களை எழுதியிருக்கிறார்கள். எல்லா யூகத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நல்ல சாப்பாடு, வெளிச்சம், வைத்தியம் கிடைத்தால் அந்தக் காலத்திலேயே பையன் தேறியிருக்கலாம்.

ஆவி சொல்வதைக் கவனியுங்கள். டிம் சாவான் என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த நிலைமை மாறாவிட்டால் சாவான் என்கிறது. பணமிருந்தால் வாழக்கூடிய பிள்ளை, பணமில்லாததால் சாகிறான். விதி என்று நினைத்திருந்தது ஒரு பேரேட்டில் எழுதிய எண் என்று தெரிவதுதான் ஸ்க்ரூஜுக்கு அந்த ராத்திரி கிடைத்த பெரிய அதிர்ச்சி.

10. கடைசியில ஒரு வான்கோழி வாங்கிக் கொடுத்தார், எல்லாம் சரியாயிடுச்சு. இவ்வளவுதானா?

நாடகங்களும் படங்களும் வான்கோழியோடு நின்றுவிடுவதால் வரும் குழப்பம் இது. புத்தகத்தில் வான்கோழி கிறிஸ்துமஸ் காலையில் பாப் வீட்டுக்கு, அனுப்பியது யார் என்று சொல்லாமலே போகிறது. மறுநாள் பாப் பதினெட்டரை நிமிடம் தாமதமாக அலுவலகம் வருகிறார். ஸ்க்ரூஜ் முதலில் பழைய குரலில் மிரட்டி, பிறகு சம்பளத்தைக் கூட்டுகிறேன், உன் குடும்பத்துக்குத் துணையாக இருக்கிறேன், முதலில் இன்னொரு கூடை கரி வாங்கிப் போடு என்கிறார். டிம்மைப் பிழைக்க வைத்தது இந்தச் சம்பளம். வான்கோழி ஒரு நாள் சாப்பாடு.

பண்டிகைக்குப் பண்டிகை வேலைக்காரர்களுக்கு இனிப்புப் பெட்டியும் துணியும் கொடுத்துவிட்டு, சம்பளப் பேச்சு வந்தால் முகம் மாறுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஸ்க்ரூஜின் 25ஆம் தேதியை எடுத்துக்கொண்டு 26ஆம் தேதியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் அதிகம்.

11. ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தருக்குக் குறையுமே? அந்த வான்கோழி வேற யாருக்கோ போயிருக்க வேண்டியதுதானே?

1844 லேயே லண்டன் சஞ்சிகையான வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ இதைக் கேட்டது. பாபுக்குக் கிடைத்த வான்கோழிக்காக எவன் சாப்பிடாமல் இருந்தான் என்பதை டிக்கன்ஸ் மறைத்துவிட்டார் என்றது.

அந்தப் பறவை கறிக்கடையில் விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நடந்து போகிற பையன் ஒருவனுக்கு அதன் அளவுகூட நினைவிருக்கிறது, தன்னளவு பெரிசு என்கிறான். லண்டனில் உணவுக்குப் பஞ்சமில்லை, கடைவீதி நிரம்பி வழிந்ததை டிக்கன்ஸ் பக்கம் பக்கமாக எழுதுகிறார். இல்லாமல் போனது பாபின் கையில் வாங்கும் சக்தி. சம்பளத்தைக் கூட்டினால் குறைவது ஸ்க்ரூஜின் இரும்புப் பெட்டியில். அவரோ வீட்டில் கஞ்சி குடித்து, ஒற்றை மெழுகுவர்த்தியோடு இருட்டு மாடிப்படி ஏறுகிறவர். இருட்டு மலிவு என்பதால் அவருக்கு இருட்டுப் பிடிக்கும்.

12. ஃபெஸிவிக் மாதிரி நல்ல முதலாளிங்க இருந்தா போதாதா? சட்டம், வரி எல்லாம் எதுக்கு?

ஸ்க்ரூஜ் இளவயதில் வேலை பார்த்த முதலாளி ஃபெஸிவிக். கிறிஸ்துமஸுக்குக் கடையை ஒதுக்கி, பிடில் வாசிக்க ஆள் வைத்து, சமையற்காரி வரை எல்லோரையும் ஆடவிடுகிறவர். அதைப் பார்க்கும் ஸ்க்ரூஜ் வாயிலிருந்து ஒரு உண்மை வருகிறது: எங்களைச் சந்தோஷமாகவோ துக்கமாகவோ வைத்திருக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. ஃபெஸிவிக் நல்லவர் என்பதால் அந்த அதிகாரம் இனிக்கிறது. அதே நாற்காலியில் ஸ்க்ரூஜ் உட்கார்ந்தால் கசக்கிறது. யாருக்கு எந்த முதலாளி வாய்ப்பான் என்பது அதிர்ஷ்டம். பிள்ளையின் உயிரை அதிர்ஷ்டத்தை நம்பி விட முடியாது.

டிக்கன்ஸ் தனி மனித மனமாற்றத்தோடு நின்றுவிட்டார் என்ற விமர்சனம் பழையது, அதில் பாதி உண்மை. மீதிக்கு ஒரு வரி காட்டுகிறேன். மார்லி போனதும் ஸ்க்ரூஜ் ஜன்னல் வழியே வானம் முழுக்கச் சங்கிலி பூட்டிய ஆவிகளைப் பார்க்கிறார். சில ஆவிகள் ஒரே சங்கிலியில் சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கின்றன. அவை குற்றமுள்ள அரசாங்கங்களாக இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார். அவற்றுக்குப் பக்கத்தில் வெள்ளை மேல்சட்டை போட்ட ஒரு கிழ ஆவி, கணுக்காலில் ராட்சத இரும்புப் பெட்டியோடு, கீழே ஒரு வாசற்படியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து விம்முகிறது. இப்போது உதவ மனமிருக்கிறது, உதவும் சக்தி போய்விட்டது.

13. 1843 மாதிரியா இன்னைக்கு இருக்கு? குறைந்தபட்ச ஊதியம் எல்லாம் வந்தாச்சே?

மாறியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 1842 இல் பத்து வயதுக்கு உட்பட்ட பையன்களையும் எல்லாப் பெண்களையும் சுரங்கத்துக்குள் இறக்கத் தடை வந்தது. பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் 1847 இல் வந்தது. எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்ச ஊதியம் 1999 இல்தான் வந்தது. இவற்றில் எதுவும் யாருக்கும் கனவில் ஆவி வந்து கிடைத்ததில்லை, போராடி வாங்கியது.

ஆனால் இடைவெளி மூடிவிடவில்லை. 2022 உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி உலகச் சொத்தில் 76 சதவீதம் மேல்தட்டின் 10 சதவீதம் பேரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்கள் மொத்தப் பேருக்கும் சேர்த்து 2 சதவீதம். டிக்கன்ஸின் நாட்டிலேயே ட்ரசல் டிரஸ்ட் என்ற அமைப்பின் உணவு வங்கிகள் 2023-24 இல் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட அவசர உணவுப் பொட்டலங்கள் கொடுத்தன. வாங்கியவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, பாப் மாதிரி. 2017 முதல் அங்கே நலத்திட்ட உதவி பொதுவாக முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு வரம்பு இருந்தது. கிராட்சிட் வீட்டில் ஆறு, டிம் கடைசிப் பிள்ளை. பல வருட எதிர்ப்புக்குப் பிறகு 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதை நீக்குவதாக அறிவித்தார்கள்.

ஒன்று மட்டும் 1843 ஐவிடக் கடினமாகிவிட்டது. ஸ்க்ரூஜ் கதவைத் திறந்து வைத்தால் அடுத்த அறையில் குமாஸ்தா நடுங்குவது தெரியும். இன்று வீட்டு வாசலில் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் பையனின் ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு என்று முடிவு செய்தவரை அவன் பார்த்ததே இல்லை, அவரும் இவனைப் பார்த்ததில்லை.

14. டிக்கன்ஸே காசுக்குத்தானே எழுதினார்? புத்தகமும் விலை அதிகமாமே?

ஆம். கடன் நெருக்கியது, வீட்டில் ஐந்தாவது குழந்தை வரவிருந்தது. ஆயிரம் பவுண்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். வண்ணப் படம், தங்க ஓரம் என்று தயாரிப்பில் செலவை ஏற்றியதால் முதல் பதிப்பில் கிடைத்தது 230 பவுண்டு. கள்ளப் பதிப்பு போட்டவர்கள்மேல் 1844 இல் வழக்குப் போட்டு ஜெயித்தார். அவர்கள் திவாலானதால் வழக்குச் செலவு இவர் தலையிலேயே விழுந்தது.

விலை ஐந்து ஷில்லிங். நாலாம் பதிலின் கணக்குப்படி பாபுக்கு இரண்டு நாள் கூலி, வாங்கியிருக்க முடியாது. டிக்கன்ஸுக்கு அது உறுத்தியிருக்கும் என்றே நினைக்கிறேன். 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் இந்தக் கதையைத் தானே மேடையில் படித்தபோது, ஒரு நாளைத் தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கி, ஆறு பென்ஸ் கட்டணம் வைக்கச் சொன்னார். மண்டபம் நிரம்பியது.

15. ஸ்க்ரூஜ் பிறவியிலேயே பேராசைக்காரரா?

இல்லை. விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனபின் பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட பையனாகத்தான் அவரை முதலில் பார்க்கிறோம். பின்னாளில் நிச்சயித்த பெண் பெல் விலகிப் போகும்போது, நீ உலகத்துக்கு அளவுக்கு மீறிப் பயப்படுகிறாய் என்கிறாள். அவர் பதிலும் நியாயம்தான்: வறுமையை வதைப்பதைப் போல் இந்த உலகம் எதையும் வதைப்பதில்லை, பணம் தேடினாலோ அதையும் கண்டிக்கிறது. அவருடைய பேராசை பயத்தில் முளைத்தது. விழுந்தால் தாங்க ஆளில்லாத ஊரில் இன்னும் இன்னும் சேர்க்கத்தான் தோன்றும். எங்கள் வட்டத்தில் ஸ்க்ரூஜைத் திட்டிக்கொண்டே வருகிறவர்கள் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் நிதானிப்பார்கள்.

16. இது கிறிஸ்தவங்க கதைதானே? மத்தவங்க படிச்சா ஒட்டுமா?

ஒட்டும். எங்கள் வட்டத்தில் எல்லாரும் படிக்கிறோம். பண்டிகை கதைக்குக் களம், பிரசங்கம் அதிகம் கிடையாது. அடுப்பில்லாத ஏழைகள் தங்கள் வாத்தைப் பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை புனிதநாள் என்று அந்தக் கடைகளை மூட அன்று சிலர் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். ஸ்க்ரூஜ் அந்தப் பழியை நிகழ்காலத்தின் ஆவியின்மேல் போட, எங்கள் பெயரைச் சொல்லித் தங்கள் வெறுப்பையும் சுயநலத்தையும் நடத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செயலை அவர்கள் கணக்கில் எழுது, எங்கள் கணக்கில் எழுதாதே என்கிறது ஆவி.

17. ஆவியோட அங்கிக்குள்ள இருந்து ரெண்டு பிள்ளைங்க வருவாங்களே, அவங்க என்ன ஆனாங்க?

நிகழ்காலத்தின் ஆவி மறையப்போகும் நேரம். அங்கிக்குக் கீழே நகம் போல ஏதோ தெரிகிறதே என்று ஸ்க்ரூஜ் கேட்கிறார். அங்கியை விலக்கினால் ஒரு பையன், ஒரு பெண். மஞ்சள் பூத்து, வற்றி, கந்தலில், ஓநாய் மாதிரி முறைக்கும் பிள்ளைகள். யாருடைய பிள்ளைகள் என்றால், மனிதனுடையவர்கள் என்கிறது ஆவி. பையன் பெயர் அறியாமை, பெண் பெயர் இல்லாமை. இருவரிடமும் எச்சரிக்கையாக இரு, பையனிடம் இன்னும் அதிகமாக என்கிறது. இவர்களுக்குப் போக இடமில்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்க, அவருடைய பழைய வார்த்தைகளே பதிலாக வருகின்றன: சிறைகள் இல்லையா, ஒர்க்ஹவுஸ்கள் இல்லையா?

டிம்மை ஸ்க்ரூஜ் காப்பாற்றுகிறார். இந்த இரண்டு பேரும் கதையில் திரும்ப வருவதில்லை. ஒரு முதலாளியின் மனமாற்றம் எட்டாத தூரத்தில் அவர்களை டிக்கன்ஸ் விட்டுவிட்டார், ஃபீல்டு லேனில் அவர் பார்த்த பிள்ளைகளைப் போலவே.

வெளியே நடந்ததைச் சொல்கிறேன். டிக்கன்ஸ் 1870 ஜூன் 9 அன்று இறந்தார். பள்ளி இல்லாத இடங்களில் ஊர்தோறும் பொதுப் பள்ளிகள் கட்ட வழிசெய்த கல்விச் சட்டம் அதே வருடம் ஆகஸ்ட் 9 அன்று நிறைவேறியது. பள்ளிக்குப் போவது 1880 இல் கட்டாயமானது. 1906 இல், பசியோடு வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாடு போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. பழைய ஏழைகள் சட்டத்தை முழுவதுமாக எடுத்தது 1948 இல்.